டச்சப்காரர் வீட்டு அசல் படங்கள்

அந்த நீளத் தெருவில் பரு உள்ள முகம் ஒன்றுகூடக் கிடையாது. நேரில் பார்த்தால் உண்டு, தாராளமாகவே உண்டு. ஆனால் சுவரில் மாட்டிய படங்களிலும் அடையாள அட்டைகளிலும் பார்த்தால், அத்தனை பேரும் அப்போதுதான் புதுத்தோல் போட்டுக்கொண்டு வந்தவர்கள்போல மினுங்குவார்கள். இந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டது, தெருக்கோடியில் பல் கிளினிக்குக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே இருக்கும் ஸ்டுடியோ. அதன் முதலாளி, போட்டோ எடுப்பவர், வாசல் கூட்டுபவர் மூவரும் ஒரே ஆள்தான். படத்தைத் திருத்தி மெருகேற்றுவதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் டச்சப்காரர். அப்பா அம்மா வைத்த பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

பத்தொன்பது வயதில், நெகட்டிவின்மேல் பென்சில் முனையால் புள்ளி புள்ளியாக வைத்து, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை மறைக்கக் கற்றுக்கொண்டவர் அவர். பிறகு பென்சில் போய் பிரஷ் வந்தது, பிரஷ் போய் கம்ப்யூட்டர் வந்தது. கையரிப்பு மட்டும் போகவில்லை. ஒரு முகத்தை அது இருக்கிற லட்சணத்தில் விட்டுவைக்க அவரால் முடியாது. ஒருமுறை பாஸ்போர்ட் ஆபீஸில் ஒரு மனிதரை மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உங்க தம்பி போட்டோ வேணாம் சார், உங்க போட்டோவைக் கொண்டாங்க" என்று ஜன்னலுக்கு உள்ளேயிருந்து சொன்னார்களாம். அந்த மனிதர் கடை வாசலில் வந்து நின்று கத்தியதை டச்சப்காரர் பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, பத்து வருடமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை திருகுதாளத்துக்கு நடுவிலும் அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. அதுவும் பயத்தில் வந்ததுதான். தொழிலின் ஆரம்பத்தில் ஒரு அம்மாளின் மேலுதட்டு மச்சத்தைக் கேட்காமலே துடைத்துவிட்டார். "என் மச்சத்தைக் கொடுய்யா" என்று அந்த அம்மாள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து எந்தப் படத்தைத் திருத்தினாலும் திருத்தாத அசலைத் தூக்கிப் போடமாட்டார். பழைய நெகட்டிவ்களெல்லாம் ஸ்டுடியோப் பரண்மேல் பிஸ்கெட் டின்களில், புதியவையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில், 'அசல்' என்று பெயரிட்டு, தேதி போட்டு இருக்கும். உலகத்தின் உண்மை முழுவதும் அந்தப் பரண்மேல் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அவருக்குப் பெண் கிடைத்ததும் இந்தக் கைவரிசையால்தான். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் போனார். மாப்பிள்ளை, டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். காலை, மாலை, வீட்டுக்கு உள்ளே, வெளியே எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. மேடையில் மட்டும் கழற்றினார். கழற்றியதும்தான் வந்தது வினை. ஃப்ளாஷ் அடித்தால் மாப்பிள்ளையின் கண் மூடிக்கொள்ளும். முன்னந்தலையில் முடி தீவு தீவாக இருந்தது. புருவம் இருந்தது என்பதற்கு ஓர் அடையாளம் மட்டும் இருந்தது. ஒன்பது நாள் உட்கார்ந்து டச்சப்காரர் அந்த மனிதருக்குக் கண்ணைத் திறந்தார், புருவம் தீட்டினார், பக்கத்து முடியைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து நடுத்தலையில் நட்டார்.

ஆல்பத்தைப் பார்த்த மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமே அந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய், அதில் இருப்பதுபோலவே ஒரு விக் செய்து வாங்கி வைத்துக்கொண்டார். எல்லோரும் தலையைப் பார்த்துப் படம் எடுப்பார்கள். இவர் படத்தைப் பார்த்துத் தலை செய்துகொண்டார். இப்படிப்பட்ட ரகசியம் தெரிந்தவனை வெளியாளாக விட்டுவைக்கலாமா? இரண்டே வருடத்தில் தன் தங்கையைக் கட்டிக்கொடுத்து, டச்சப்காரரைக் குடும்பத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று முதல் அவர் டச்சப்காரருக்குக் கண்ணாடி மச்சான். இந்தப் பட்டத்தை மனசுக்குள் மட்டும்தான் சொல்லமுடியும். வெளியே வெறும் மச்சான்தான், அதுவும் பயபக்தியோடு.

மச்சான் வாயைத் திறந்தால் வம்சப் பெருமைதான். "எங்க பரம்பரையில யாருக்கும் பல்லு விழுந்ததில்ல, முடி கொட்டினதில்ல, எழுபது வயசுல கண்ணாடி இல்லாமப் பேப்பர் படிச்சவங்க நாங்க" என்பார். சொல்லும்போது ஒரு கை தன்னையறியாமல் விக்கின் ஓரத்தைச் சரிபார்க்கும். கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பமே அந்த நேரத்தில் மின்விசிறியைப் பார்க்கும்.

டச்சப்காரரின் மனைவி வேறு ரகம். அவள் ஒரு லாண்ட்ரிக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவள். துணியை விரித்து, கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது போகும், இது போகாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். போகாத கறையை முயற்சி செய்கிறேன் என்று வாங்கிவைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைக்கழிக்கிற ஜோலி அவளிடம் கிடையாது. இப்படிப்பட்டவளும் அவரும் பன்னிரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே சண்டையில்லாமல் குடும்பம் நடத்தினார்கள் என்றால், இருவரும் அவரவர் கடையை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை என்பதுதான் காரணம். அப்படி அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்கு ஒரே பையன், வாண்டு. எட்டு வயது. வெயிலில் இறங்கினால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தரையைப் பார்த்தே நடப்பான். கன்னம் இரண்டும் தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அம்மா காலை ஆறரைக்கே கடைக்குக் கிளம்பிவிடுவதால் அவனைக் குளிப்பாட்டித் தலைசீவி அனுப்புவது அப்பாவின் வேலை. அவனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஒருநாள் தலைதுவட்டும்போது உச்சியில் விரல்நுனி அகலத்துக்கு ஓர் இடம் வழவழவென்று கையில் பட்டது. டச்சப்காரர் அந்த இடத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு சீப்பை எடுத்து, பக்கத்து முடியை அதன்மேல் இழுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் செய்வதை நேரில் செய்தார், அவ்வளவுதான். மனைவி கேட்டபோது, "ஊஞ்சல்ல இடிச்சுக்கிட்ட தழும்பு, போயிடும்" என்றார். பையனுக்கு முடியை நீளமாக வளர்க்கச் சொன்னதும் அவர்தான். ஸ்டைலாம்.

அந்த வருடப் பள்ளிக்கூடப் போட்டோவிலும் வழவழப்பை மூடினார். அடுத்த வருடம் இடம் பெரிதாகியிருந்தது, கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. அதற்கடுத்த வருடம் புருவத்தையும் சேர்த்துத் தீட்ட வேண்டியிருந்தது. மகன் படத்தில் எந்தக் குறையும் இல்லை. வீட்டுக் கூடத்தில் மூன்று வருடப் படமும் வரிசையாகத் தொங்கின. வாண்டு அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் 'அவன்' என்றே சொல்வான். "அவனுக்கு மட்டும் வெயில்ல கண்ணு கூசாதாப்பா?" என்று ஒருநாள் கேட்டான். அப்பா அதை மழலை என்று ரசித்து, கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். மண்டையில் உறைத்திருந்தால் அன்றைக்கே உறைத்திருக்கும்.

விஷயத்தை உடைத்தவர் முடிவெட்டுபவர். பள்ளிக்கூடத்தில் பேன் தொல்லை, எல்லோரும் ஒட்ட வெட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சீட்டு வந்தது. அன்றைக்கென்று டச்சப்காரர் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்கு யார் யாருக்கோ முகம் எடுக்கப் போயிருந்தார். அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு போனாள். நாலு தடவை கத்தரி ஓடியதும் முடிவெட்டுபவர் கையை நிறுத்திவிட்டு, "அம்மா, இங்க வந்து பாருங்க" என்றார். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக, மெழுகு தடவியதுபோல ஓர் இடம். சுற்றிலும் சின்னச் சின்னதாகச் சிவந்த பொரிகள். கறை பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. பார்த்ததுமே குனிந்து, விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தாள்.

அடுத்த இரண்டு வாரம் தெருவே மருத்துவக் கல்லூரியாக மாறியது. சாவி வெட்டுபவர் புழுவெட்டு என்று தீர்ப்புச் சொல்லி, வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கச் சொன்னார். பல் கிளினிக்கில் சீட்டு கொடுக்கிற பெண், எல்லாம் ஷாம்பூவால் வருவது என்றாள். மேல்மாடி அம்மாள் ஏழு தடவை மொட்டை போட்டால் காடு மாதிரி வளரும் என்று அடித்துச் சொன்னாள். அவள் கணவர் தலையில் ஒரு செடிகூட இல்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. வாண்டு பதினைந்து நாள் வெங்காய வாடையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அங்கே என்ன பட்டப்பெயர் கிடைத்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பிறகுதான் தோல் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். பூதக்கண்ணாடி மாதிரி ஒரு கருவியைத் தலையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "சாதாரணமா முடி கொட்டினா மயிர்க்கால் உயிரோட இருக்கும், திரும்பி முளைக்கும். இங்க மயிர்க்காலே அழிஞ்சு தழும்பாயிருக்கு. தழும்புல முடி முளைக்காது. இது எப்ப ஆரம்பிச்சது?"

"ரெண்டு மூணு வாரம்தான் ஆச்சு டாக்டர். அஞ்சு வயசுல ஊஞ்சல்ல இடிச்ச சின்னத் தழும்பு ஒண்ணு இருந்தது, அது எப்பவோ போயிடுச்சு. ஏழு மாசத்துக்கு முந்திகூடப் பாருங்க, எவ்வளவு முடி" என்று மனைவி கைப்பேசியை நீட்டினாள். கணவரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த பள்ளிக்கூடப் படங்கள். ஐந்து வயது, ஆறு வயது, ஏழு வயது. ஒன்றைவிட ஒன்று அடர்த்தி.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "தலையைப் பாத்தா பல வருஷக் கதை மாதிரி இருக்கு. படம் வேற கதை சொல்லுதே" என்று முணுமுணுத்தார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா? அம்மா பக்கம், அப்பா பக்கம்?"

"யாருக்குமே இல்ல டாக்டர்" என்று மனைவி அண்ணனின் கல்யாணப் படத்தையும் தள்ளிக் காட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை. பதினான்கு வருடமாக ஆல்பத்தைப் பார்த்துப் பார்த்து, அண்ணன் மேடையில் அப்படித்தான் நின்றார் என்றே நம்பியிருந்தாள். அண்ணன் விக் வைப்பது அவளுக்குத் தெரியும்தான். ஆனால் அது ஹெல்மெட்டால் வந்த வழுக்கை என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தது. டிரைவிங் ஸ்கூலில் கார் மட்டும்தான் ஓட்டுகிறார்கள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

டச்சப்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அந்தப் படமெல்லாம் நான் திருத்தினது.' அவ்வளவுதான். அவர் சுவரில் மாட்டியிருந்த மயிர்க்கால் விளக்கப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் அச்சு கொஞ்சம் மங்கல் என்றுகூடத் தோன்றியதாம். மனைவி எதிரில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் முன்னால், தன் கைவேலையைத் தானே காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. இவ்வளவு வேகமாக வந்திருந்தால் தலையில் பூஞ்சைப் படை முற்றியதாகத்தான் இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், ரிசல்ட் வர நாலு வாரம் ஆகும், அதுவரை இந்த மாத்திரை என்று எழுதிக்கொடுத்தார். தினமும் காலையில் வாண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்த மாத்திரையை விழுங்கினான். அப்பா தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது ரிசல்ட் வந்திருந்தது. படை இல்லை. ஆனால் தலையில் புதிதாக இரண்டு இடம் சேர்ந்திருந்தது. டாக்டரம்மா இந்தத் தடவை தலையோடு நிறுத்தவில்லை. கன்னத்தைத் தடவினார். புருவத்தைப் பார்த்தார். ஒரு சின்ன டார்ச்சைக் கண்ணருகே கொண்டுபோனார். வாண்டு முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டான், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இது எத்தனை நாளா?"

"அவன் எப்பவுமே அப்படித்தான். எங்க வீட்டுல பாதிப் பேர் அப்படித்தான் டாக்டர்" என்றாள் மனைவி. "தோலும் அப்படித்தான். எனக்கும் பாருங்க" என்று மேல்கையைத் தேய்த்துக் காட்டினாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கல்யாணப் படத்தை மறுபடியும் வாங்கி, பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நாற்பது பேர் நின்ற படம். நாற்பது பேருக்கும் ஒரே கன்னம். பிறகு டச்சப்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

மனைவிதான் சொன்னாள், கொஞ்சம் பெருமையோடு. "ஸ்டுடியோ வெச்சிருக்கார்."

"அப்ப இந்தப் படமெல்லாம்?"

"கொஞ்சம்... வெளிச்சம் மட்டும் சரி பண்ணேன்" என்றார் டச்சப்காரர்.

"வெளிச்சமா?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். "சொரசொரப்பு, புருவம், வெளிச்சம் ஆகாத கண்ணு, தழும்பாகிற தலை, நாலும் சேர்ந்து வர்ற மரபணுக் கோளாறு ஒண்ணு இருக்கு. ரொம்ப அபூர்வம். அதுதான்னு இப்பவே சொல்லமாட்டேன். சில குடும்பத்துல அம்மா வழியா இறங்கும். பொண்ணுங்களுக்கு லேசா, பையன்களுக்குக் கடுமையா. சில குழந்தைங்களுக்குக் குடும்பத்துல யாருக்குமே இல்லாம புதுசா வரும். ஒரு துளி தோல் எடுத்துப் பாக்கணும், ரத்தத்துல மரபணு பாக்கணும். அதைவிட அவசரம், கண்ணு. கண்ணுல தழும்பு விழுந்தா பார்வையைக் கெடுக்கும். போன தடவையே நான் கண் டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும்" என்றார். கடைசி வாக்கியத்தைத் தன்னையே நொந்துகொண்டு சொன்னார். பிறகு, "திருத்தாத படம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. அதுதான் அவருடைய துரதிர்ஷ்டம்.

கிளினிக்கிலிருந்து மனைவி நேரே ஸ்டுடியோவுக்கு நடந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "திறங்க" என்றாள். 'அசல்' திறந்தது. ஐந்து வயது வாண்டு, உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு. ஆறு வயது வாண்டு, புள்ளி பெருத்து. ஏழு வயது வாண்டு, புருவம் பாதி போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு. அடுத்து அண்ணன் கல்யாணம். விக் இல்லாத அண்ணன், தீவு தீவான முடி, மூடிய கண். பரண்மேல் இருந்த பிஸ்கெட் டின்னில் அவளுடைய அம்மாவின் தம்பி, செத்துப்போனவர், வாண்டுவுக்குத் தாத்தா முறை. மனைவி வீட்டார் அவருடைய ஒரே பழைய நெகட்டிவ்வைக் கொடுத்து, சுவரில் மாட்டப் பெரிசாக்கிக் கொடு என்று சொன்னபோது, பாவம், மனிதர் களையாக இருக்கட்டும் என்று டச்சப்காரர் தாராளமாக முடி கொடுத்திருந்தார். நெகட்டிவ்வை வெளிச்சத்தில் பிடித்தால் அதே தீவு, அதே மூடிய கண்.

மூன்று தலைமுறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சி. மூன்றையும் அழித்தவர் ஒரே ஆள்.

"நான் தினமும் நூறு பேர்கிட்ட 'இது போகாது'ன்னு சொல்றேன்" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. "என் புள்ளைக்கு இது போகாதுன்னு மூணு வருஷமா உங்களுக்குத் தெரியும். எங்கிட்ட சொல்லல. ஊஞ்சல்னு சொன்னீங்க."

"போயிடும்னு நினைச்சேன்."

"எங்க போகும்? நீங்க மூடினா போயிடுமா?"

டச்சப்காரர் அழுதார். அழுகிற முகத்தை அவர் எத்தனையோ படத்தில் சிரிக்கவைத்திருக்கிறார். இதற்கு ஒரு கருவியும் இல்லை. அவள் அவர் கண்ணீரைத் துடைக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "ஞாயித்துக்கிழமை அண்ணனை வரச் சொல்றேன்" என்று எழுந்துபோனாள்.

அதற்குள் கண் டாக்டர் பார்த்து முடித்திருந்தார். கருவிழி ஓரத்தில் லேசான மங்கல், நல்லவேளை நடுவுக்கு வரவில்லை, விடாமல் சொட்டுமருந்து போடவேண்டும், வருடாவருடம் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த 'நல்லவேளை'யைப் பிடித்துக்கொண்டுதான் டச்சப்காரர் அந்த வாரத்தை ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி மச்சான் வந்தார். விக் சீவப்பட்டிருந்தது, கறுப்புக் கண்ணாடி துடைக்கப்பட்டிருந்தது. ஸ்டுடியோ சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு விஷயத்தைக் கேட்டார். கேட்கக் கேட்கக் காது சிவந்தது.

"என்ன மாப்பிள்ளை, கடைசியில எங்க வம்சத்தையே ஆஸ்பத்திரியில ஏலம் விடப் போறீங்களா? என் பழைய படத்தை எவளோ ஒரு டாக்டர் பாக்கணுமா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. நாளைக்கு அதுங்களைக் கட்டிக்கிறவன் என்ன கேப்பான்?"

"அண்ணா, புள்ளைக்காக..." என்றாள் தங்கை.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல! வெங்காயத்தை ஒழுங்காத் தேய்க்கல, அதான். எங்க பரம்பரையில..."

அந்த வாக்கியம் முடியவில்லை. டாக்டரம்மா கேட்டிருந்தபடி வாண்டுவின் தலையையும் முகத்தையும் ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில் எடுக்கவேண்டும். பெரியவர்கள் பேச்சு முடியட்டும் என்று ஸ்டூலில் சமர்த்தாகக் காத்திருந்தவனுக்குக் பக்கத்தில் நின்ற, படம் எடுக்கும் குடை விளக்கின் சுவிட்ச் காலில் பட்டுவிட்டது. பளீரென்று வெளிச்சம் முகத்தில் அடித்தது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு வாண்டு குனிந்துவிட்டான். "அணைங்கப்பா, அணைங்க" என்று அலறினான்.

டச்சப்காரர் சுவிட்சுக்கு ஓடினார். அவருக்கு முன்னால் மச்சான் எழுந்துவிட்டார். வம்சப் பெருமை பாதி வழியில் நிற்க, பையன் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தார்.

"கையை அழுத்தாதடா, அழுத்தினா இன்னும் குத்தும். ஊசி குத்துற மாதிரி இருக்கா? இங்க, மூக்குத் தண்டு வரைக்கும் இழுக்குதா?"

"ஆமா மாமா."

"எண்ணு. மெதுவா இருபது எண்ணு. பதினைஞ்சு வந்ததும் கொஞ்சம் விடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி கேட்டவன் எட்டு வயதுக்காரன், அவனை மின்விசிறியைப் பார்க்கச் சொல்ல முடியாது. மச்சான் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவன் மூக்கில் மாட்டினார். அது நழுவி வாய்வரை வந்தது. அந்தப் பெரிய மனிதரின் கண் சிவந்து, ஓரத்தில் நீர் கட்டியிருந்தது. அவருக்கும் எட்டு வயதில் இப்படித்தான் இருந்திருக்கும், அவரை எண்ணச் சொல்ல யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அந்த நினைப்பு வந்ததும் டச்சப்காரருக்கு இத்தனை வருடமாக அவரை மனசுக்குள் கிண்டல் செய்தது கசந்தது.

"டாக்டர் என்னிக்கு வரச் சொன்னாங்க?" என்று மச்சான் தங்கையைக் கேட்டார். பிறகு விக்கின் ஓரத்தைத் தடவிக்கொண்டு, "எந்த டாக்டரா இருந்தாலும் இந்தச் சனியனை அவங்க அறைக்குள்ளதான் கழட்டுவேன். ரோட்டுல கழட்டமாட்டேன்" என்றார். சனியன் என்று அவர் சொன்னது, ஊரே அசல் என்று நம்பவேண்டும் என்பதற்காகப் பதினான்கு வருடம் எண்ணெய் போட்டுச் சீவிய அந்த விக்கை.

செவ்வாய்க்கிழமை நாலு பேரும் போனார்கள். மச்சான் சொன்னபடியே அறைக்குள் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா மாமாவின் தலையையும் மருமகனின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். அசல் படங்களைத் தேதிவாரியாக அடுக்கினார். ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைந்தார். மாமாவின் இரண்டு பெண்களுக்கும் வட்டம் போட்டு, "இவங்ககிட்டயும் பேசணும். பயமுறுத்த இல்ல, தெரிஞ்சு வெச்சுக்க" என்றார். தோலும் ரத்தமும் எடுத்தார்கள். ரத்தத்தில் மரபணு அகப்படலாம், அகப்படாமலும் போகலாம், அகப்படாவிட்டால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை என்று விளக்கினார். வாலிபம் தாண்டியதும் பல பேருக்கு இது தானாக அடங்கும், அதுவரை இருக்கிற முடியைக் காப்பாற்ற மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

"போனது?" என்று கேட்டார் டச்சப்காரர்.

"போனது வராது."

"மூணு வருஷத்துக்கு முந்தி வந்திருந்தா?"

டாக்டரம்மா ஐந்து வயதுப் படத்தை எடுத்துப் பார்த்தார். "உறுதியாச் சொல்லமுடியாது. கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். இதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று டச்சப்காரர் இன்றுவரை மனசுக்குள் அளந்துகொண்டிருக்கிறார்.

கூடத்தில் தொங்கிய மூன்று படங்களையும் மனைவி அன்று மாலையே இறக்கிவிட்டாள். அவருடன் பேச்சு, உப்பு இருக்கிறதா புளி இருக்கிறதா என்ற அளவில் திரும்பியிருக்கிறது. அதற்குமேல் கேட்க அவருக்கு வாயும் இல்லை.

மாதாமாதம் படம் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. முதல் மாதம் டச்சப்காரர் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் திரையைப் பாதி விலக்கி, கண் கூசாத வெளிச்சத்தில் வாண்டுவை உட்காரவைத்தார். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, உச்சியில் ஒன்று. படங்கள் திரையில் வந்தன. வெள்ளைத் தழும்பு, பொரி, பாதிப் புருவம், எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் இருந்தன. அவர் வலதுகை பழக்கதோஷத்தில் மவுஸைத் தேடிப்போனது. வாண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் படத்துல கண்ணை மூடிட்டேம்பா. வேற எடுக்கறீங்களா?"

"வேணாம். மூடியே இருக்கட்டும். டாக்டருக்கு இதான் வேணும்."

"உங்களுக்கு?"

முப்பது வருடமாக ஆயிரம் முகத்துக்கு ஆயிரம் நல்ல வார்த்தை சொன்ன வாய் அது. பிள்ளைக்கு அதில் ஒன்றையும் சொல்லவில்லை. "எனக்கும் இதான் வேணும்" என்றார்.

வாண்டு நம்பினானா என்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அந்த நாலு படமும் அப்படியே அச்சாகி வெளியே வருகிறவரை மவுஸின்மேல் தன் கையை வைத்துக்கொண்டிருந்தான்.